வயிற்றின் மேல் போட்ட பழி

தொண்ணூறுகளின் நடுவில், ஆஸ்பத்திரியிலிருந்து தொம்மலூர் வீட்டுக்கு நான் திரும்பியபோது, தெருவே என் வயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நான் சாக முயன்று பிழைத்தவள். வயிற்றுவலி தாங்காமல்தான் அப்படிச் செய்துவிட்டேன் என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். எங்கள் பக்கம் அப்படிச் சொல்வதுதான் வழக்கம். அடிக்கிற புருஷன் மேல் போகவேண்டிய பழியை எத்தனை பெண்களின் வயிறு சுமக்கிறதோ.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு சொம்பில் சீரகத் தண்ணீரே கொண்டுவந்துவிட்டார்.

"என் வயித்துக்கு ஒண்ணுமில்லக்கா," என்றேன், உள்ளே இருந்த கணவனுக்கும் கேட்கிற மாதிரி. "தினம் அடி. யார்கிட்டயும் சொல்ல முடியல. அதான் செத்துடலாம்னு நெனச்சேன்."

"வாய மூடு, குடும்ப மானம் போகுது," என்று மாமியார் பதறினார்.

"போனா போகட்டும் அத்தை. நான் இருக்கேன்."

அக்கா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். பிறகு மாமியாரை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"எங்க வீட்லயும் எனக்கு வயித்துவலின்னுதான் சொன்னாங்க."