வலையில் கிடந்த நேரம்

இந்த ஊரில் மீனைத் தொட்டுப் பார்த்து வாங்க முடியாது. கண்ணால் பார்க்கலாம், விரலால் சுட்டிக் காட்டலாம், அவ்வளவுதான். நார்வேயின் மேற்குக் கரையில், மழை ஓயாத இந்தத் துறைமுக நகரத்துக்கு வந்த முதல் வாரம், மீன்கடையில் ஐஸ் மேல் படுத்திருந்த ஒரு பெரிய மீனின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது. கடைக்காரர் "இக்கே ரோர்!" என்றார். தொடாதே என்று அர்த்தம். உடனே, நான் சங்கடப்படக் கூடாதே என்று சிரித்தும் வைத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், "இது வலையில் எவ்வளவு நேரம் கிடந்தது?" என்று கேட்டேன். அவர் முகம் இளகிவிட்டது. மீனுக்காக வருந்தும் புண்ணியவதி என்று என்னை நினைத்துக்கொண்டார் போல. "கவலைப்படாதீர்கள், படகில் ஏறியதும் ஒரே அடி. அதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது" என்று ஆறுதல் சொன்னார். நான் கேட்டது குழம்புக்காக.

என் அம்மா பழவேற்காட்டில் மீன் விற்கிறவள். எங்கள் குப்பத்தின் பெயர் தோணிரேவு. ஒரே படகில் வந்து ஒரே ஐஸில் கிடந்த மீன்களில்கூட எது முதலில் கெடும் என்று அவளுக்குத் தெரியும். கட்டைவிரலால் அழுத்தி எடுப்பாள். பள்ளம் சட்டென்று எழுந்தால் நல்ல மீன். எழாமல் நின்றால், "இது ரொம்ப நேரம் போராடிக்கீது" என்று தள்ளி வைத்துவிடுவாள். வலையில் மாட்டித் துள்ளித் துள்ளிச் சாகிற மீன் சீக்கிரம் கெடும் என்பது அவள் படித்த படிப்பு. அதற்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்பது நான் படித்த படிப்பு. மூச்சு போதாமல் தசை பாடுபடும்போது ஊறுகிற புளிப்பு அது. கல்லூரியில் அதை வாசித்த அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கா ஃபீஸ் கட்டினோம்?" என்றாள்.

இப்போது நான் பார்க்கிற வேலையும் அந்தப் புளிப்பை அளப்பதுதான். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருக்கிறேன். இங்கே குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து சில துளி ரத்தம் எடுத்து எங்களிடம் அனுப்புவார்கள். கருவி கொஞ்ச நேரத்தில் ஓர் எண்ணைக் காட்டும். பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுக்காற்று போதாமல் போயிருந்தால் அந்த எண் ஏறியிருக்கும். அப்படி ஏறிய குழந்தைகளில் யாருக்குப் பிற்காலத்தில் பெருமூளை வாதம் வருகிறது, கை கால் இழுத்துக்கொள்கிறது, பேச்சு குழறுகிறது என்று தொடர்ந்து பார்க்கிற ஆராய்ச்சி எங்களுடையது. அதை நடத்தும் மருத்துவர் ஒரு வாக்கியத்துக்கு ஒரு "கான்ஷே" போடுவார். 'ஒருவேளை' என்று பொருள். எண் ஏறிய பிள்ளைகள் பலர் பந்து விளையாடுகிறார்கள், எண் ஏறாத பிள்ளைகளுக்கும் வாதம் வருகிறது, அமிலம் வெறும் சாட்சிதான், அதுவும் அரைச் சாட்சி என்பார். இவர்கள் கான்ஷேயைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வரும். அடித்துச் சொல்லத் தெரியாதவர்கள் என்று நினைத்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு நான் ஏன் வந்தேன் என்று நம்மவர்கள் கேட்டால், சம்பளம் என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மை, என் தம்பி தேசப்பன். வயது இருபத்திரண்டு. அவனால் உட்கார முடியாது. கைகள் மார்போடு மடங்கியிருக்கும். சோறு ஊட்டினால் பாதி வெளியே வரும். ஆனால் எல்லாம் புரியும். யாராவது வழுக்கி விழுந்தால் முதலில் சிரிப்பவன் அவன்தான். ஊர் அவனுக்கு வைத்த பெயர் கிராணம். கிரகணத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இருந்தபோது அம்மா ஒரு கிரகணத்தன்று அருவாமனையில் உட்கார்ந்து மீன் வெட்டினாளாம், அதில்தான் பிள்ளை இப்படி ஆயிற்றாம். "கிராணம் சாப்ட்டானா?" என்று அவளிடமே கேட்பார்கள். அம்மாவும் "சாப்ட்டான்" என்பாள். அந்த "சாப்ட்டான்" என் நெஞ்சில் இன்னும் முள்ளாக நிற்கிறது.

போன வருடம் என் அத்தை வீட்டில், அதாவது நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தங்கை வீட்டில், மருமகளுக்கு வளைகாப்பு. அம்மா வளையலை எடுத்துக்கொண்டு போனபோது அத்தை எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அண்ணி, நீ தள்ளி நில்லு. கிராணத்துல மீன் வெட்ன கையி." அம்மா வளையலைத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் போனில் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவ சொல்றதுல இன்னா தப்பு? மாசமா கீற பொண்ணாச்சே" என்றாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை வருடம் படித்த படிப்பையெல்லாம் அந்த ஒரு போனில் கொட்டினேன்.

"அம்மா, கிரகணம் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வலையில ரொம்ப நேரம் போராடுற மீனு இன்னா ஆவுது? சதையில புளிப்பு ஏறி கெட்டுப்பூடுதில்ல? அதேதான். வயித்துல கொயந்தைக்கு மூச்சு கிடைக்காம ரொம்ப நேரம் போராடுனா, அதே புளிப்பு ரத்தத்துல ஏறும். மூளை அடிவாங்கிடும். தேசுக்கு நடந்தது அதுதான். நீ மீன் வெட்னதால ஒண்ணும் ஆவல. போய் அத்தைகிட்ட சொல்லு."

ஒரு கான்ஷேகூடப் போடவில்லை. ஊரைத் திட்டும்போது ஒருவேளை போட்டுத் திட்ட முடியுமா? அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. புரிந்துவிட்டது. அம்மா கேட்டாள்.

"அப்போ அவன் எவ்ளோ நேரம் வலையில கெடந்தான்?"

தேசு பிறந்த அன்று நைனாவின் பாடு. எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை என்று ஊர் கூடி வைத்த வரிசை உண்டு, அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடம் ஒருவருக்கு வாய்க்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அன்று இறங்காவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். அம்மாவுக்கு விடியும்போதே வலி எடுத்துவிட்டது. நைனா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்வரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தமுகமாக நின்றாள். அவர் போனதும் என்னைக் கூப்பிட்டாள். எனக்கு எட்டு வயது. "நைனாகிட்ட சொல்லாத. பாடு முடிச்சினு வரட்டும்" என்றாள்.

மத்தியானம் கஞ்சித் தூக்கோடு நான்தான் கரைக்குப் போனேன். நைனா தண்ணீரில் நின்றபடியே, "அம்மா இன்னா பண்ணுது?" என்று கேட்டார். "தூங்குது" என்றேன். பெரியவர்கள் ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு அப்படி ஒரு கர்வம். பொழுது சாயும்போது வலை வந்தது. நல்ல பாடு, கூடை கூடையாக இறால். அதன் பிறகுதான் ஆட்டோ பிடித்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். தேசு பிறந்தபோது அழவில்லை. நீல நிறத்தில் இருந்தான் என்று நைனா சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு மறந்துபோன விஷயம் இல்லை. ஆனால் ஆய்வகத்து எண்ணையும் அந்தக் கஞ்சித் தூக்கையும் நான் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா ஒரே கேள்வியில் வைத்துவிட்டாள்.

அப்புறம் நான் கான்ஷேக்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு யாரும் தேசுவின் ரத்தத்தை அளக்கவில்லை, வலி எடுப்பதற்கு முன்பே அவனுக்கு ஏதாவது ஆகியிருக்கலாம், காலையிலேயே போயிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கலாம், நிறையப் பிள்ளைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. அத்தனையும் உண்மை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய உண்மை. அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "மீன அமுக்கினா தெரியுது. இதுல இன்னா இருக்கலாம், கிருக்கலாம்?" என்றாள். போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நைனாகிட்ட சொல்லாத."

இருபத்தோரு வருடம் அவள் தலையில் இருந்தது சாமி போட்ட பழி. சாமியிடம் கற்பூரம் ஏற்றலாம், அழலாம், கோபித்துக்கொள்ளலாம். நான் அதை இறக்கிவிட்டு, அவள் கையாலேயே செய்த பழியைத் தூக்கி வைத்தேன். அதுவும் உறுதியாகத் தெரியாத ஒன்றை. என்னைவிட அத்தை நல்லவள்.

அடுத்த கிரகணத்தன்று அம்மா வாசலில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க மீன் வெட்டினாளாம். நைனாதான் போனில் சொன்னார். "ஒன் படிப்பு அதுக்கு தைரியம் குடுத்துக்கீது" என்று சந்தோஷப்பட்டார். "ஆமா நைனா" என்றேன். அவரிடம் நான் சொன்ன இரண்டாவது "தூங்குது" அது.

இன்று காலையும் ஒரு தொப்புள்கொடி ரத்தம் வந்தது. எண் தாழ்வாக இருந்தது. செவிலி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள், நானும் காட்டினேன். யாருடைய பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். வேலை முடிந்து அறைக்கு வந்து வீடியோவில் ஊருக்குப் பேசினேன். அம்மா இப்போதெல்லாம் மீனை அழுத்திப் பார்ப்பதில்லையாம், வந்ததை வந்தபடி விற்கிறாளாம். தேசு அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு. மழையைப் பற்றி, இறால் வரத்தைப் பற்றி அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். பேசப் பேச, அவளுடைய கட்டைவிரல் அவன் புஜத்தை அழுத்தி எடுத்தது. அவனுக்குக் கூச்சம், நெளிந்து நெளிந்து சிரித்தான். அவள் பேச்சை நிறுத்திவிட்டு, பள்ளம் எழுகிறதா என்று குனிந்து பார்த்தாள். போனைக் கண்ணருகே கொண்டுபோய், இங்கிருந்து நானும் பார்த்தேன்.