துணைக்கு வந்த மாமா

தமிழில் எனக்கு அறவே பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது 'துணை'தான். கெட்ட வார்த்தைகளைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். திட்டுகிறவனுக்கு நம்மேல் கோபம் என்பதாவது தெளிவாகத் தெரியும். இந்தச் சொல் அப்படியில்லை. தலையைத் தடவிக்கொண்டே காலைக் கட்டும்.

எங்கள் பக்கம் இது இல்லாத இடமே கிடையாது. பஸ்ஸின் நெற்றியில் ஏதாவது ஒரு சாமி துணை. கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் குலதெய்வம் துணை. இருட்டில் தோட்டத்துப் பக்கம் போக வேண்டுமென்றால், "கொஞ்சம் தொணைக்கு வாயேன்." வெளியூருக்குக் கறிக்குழம்பு எடுத்துப்போனால் தூக்கின் மேல் ஒரு கரித்துண்டை வைத்து அனுப்புவார்கள். காத்து கருப்பு அண்டாமல் இருக்க அது குழம்புக்குத் துணை. அந்தக் கரித்துண்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. போகிற இடத்தில் அது வாயைத் திறந்து பேசாது.

பெண்ணுக்குக் கரித்துண்டு போதாது, ஆம்பளை வேண்டும். எப்படிப்பட்ட ஆம்பளை என்று யாரும் கேட்பதில்லை. மூச்சு இருந்தால் சரி.

அண்ணாமலை நகரில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, சிதம்பரத்தில் வீட்டோடு இருந்தேன். அப்பா இறந்துபோயிருந்தார். பொங்கலுக்குள் வேலை கிடைத்துவிட்டால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவது, கிடைக்காவிட்டால் வருகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவது என்று அம்மாவுக்கும் எனக்கும் ஒப்பந்தம். அந்தச் சமயத்தில்தான் கடலூரில் ஒரு தனியார் லேபில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள்.

"நான் போயிட்டு வந்துடுறேன்" என்றேன்.

"தனியாவா?" என்றார் அம்மா. "மாமாவ வரச் சொல்லியிருக்கேன். தொணைக்கு வருவாரு."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் இருப்பது திட்டக்குடியில். நான் ஏறி இறங்க வேண்டியது ஒரே பஸ். அதற்குத் துணை வருவதற்காக அவர் விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு என்று ஊர் ஊராக வண்டி மாறி சிதம்பரம் வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இது ஊரையே ஒரு சுற்றுச் சுற்றித் தொடுவது. இதில் உள்ள பைத்தியக்காரத்தனம் எங்கள் வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். கடலூர் பஸ்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மாமா ஒருவழியாக வந்து இறங்கினார். விருத்தாசலத்தில் பூரி சாப்பிட்டதில் நேரமாகிவிட்டதாம். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோரம் அவருக்கு வேண்டும் என்றார். புதுச்சத்திரம் தாண்டவில்லை, அந்தப் பூரி முழுவதும் வெளியே வந்தது. பாதி ஜன்னலுக்கு வெளியே, மீதி என் துப்பட்டாவில். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன், தண்ணீர் கொடுத்தேன், கண்டக்டரிடம் கெஞ்சி ஒரு பாலிதீன் கவர் வாங்கினேன். முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்து, "அப்பாவாம்மா? நல்ல வேள தொணைக்கு நீ வந்த" என்றாள். மாமாவுக்கு அது காதில் விழவில்லை. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். புளிச்ச நாற்றம் கடலூர் வரை கூடவே வந்தது. சொந்த மாமாவை இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் அந்தத் தோளை வெட்டி எறிந்துவிடலாம் போல அருவருப்பாக இருந்தது.

லேபுக்குப் போனபோது சொன்ன நேரம் தாண்டிவிட்டது. மானேஜர் ஒரு பெண்மணி, அம்மா வயது இருக்கும். தாமதத்தைப் பெரிதுபடுத்தவில்லை. நான் துப்பட்டாவைக் கசக்கிப் பைக்குள் திணித்துவிட்டு உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்த மாமா, யாரும் சொல்லாமலே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குழந்தைக்கு நரம்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வாய், ரத்தம் குழாயிலேயே உறைந்துவிட்டால் என்ன செய்வாய் என்றெல்லாம் மானேஜர் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஷிஃப்ட் இருக்கும்மா. வாரத்துல ரெண்டு நைட் வரும். ஓகேவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "நைட்டுன்னா தொணைக்கு யாரு மேடம் இருப்பாங்க?"

"இன்னொரு பொண்ணு இருக்கும் சார். கீழ செக்யூரிட்டி இருக்காரு."

"செக்யூரிட்டி வெளியாளு மேடம். நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பாப்பாவுக்கு நைட்டு வர்ற அன்னிக்கு எங்க வூட்டு ஆளு ஒருத்தர் வந்து இங்க ஓரமா பாயப் போட்டுப் படுத்துக்குவாங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

கிண்டலுக்குச் சொல்லவில்லை. பெரிய சிக்கலை நொடியில் அவிழ்த்துவிட்ட பெருமையோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ரத்தமும் மூத்திரமும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிற இடத்தில், வேட்டியைத் தலைவரை போர்த்திக்கொண்டு ஒரு சொந்தக்காரர் குறட்டை விடுவதை அந்த மேடம் மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். ஃபைலை மெல்ல மூடினார்.

"எனக்குத் தொணை வேணாம் மேடம். நான் நைட் டூட்டிக்கு வர்றேன்" என்றேன்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மாமாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த அம்மா படித்தவர், ஒரு லேபையே நடத்துகிறவர். பதில் சொன்னது நான், சம்மதம் கேட்டது மாமாவிடம்.

"வீட்டுல பேசிக்குங்க சார். பகல் டூட்டி எதுனா காலியானா நாங்களே கூப்பிடுறோம்" என்றார்.

மாமா உடனே, "கூப்புடுறதுன்னா என் நம்பருக்குக் கூப்புடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு எண்களை ஒவ்வொன்றாக ஒப்பித்தார். மேடம் என் பயோடேட்டாவில் என் நம்பரை அடித்துவிட்டு மேலே அவர் நம்பரை எழுதிக்கொண்டார். படியிறங்கும்போது, "பொட்டப்புள்ள நம்பர எதுக்கு வெளியில குடுத்துக்கிட்டு" என்று எனக்கு விளக்கம் வேறு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல வேள, மாமா கூட வந்தாரு. நீ தனியா போயிருந்தா நைட் டூட்டிக்கு ஒத்துக்கிட்டு வந்திருப்ப" என்றார். உண்மைதான். ஒத்துக்கொண்டுதான் வந்திருப்பேன்.

அதன் பிறகு மாமா பேசும்போதெல்லாம் லேபிலிருந்து கூப்பிட்டார்களா என்று கேட்டேன். பிறகு கேட்கக் கூச்சமாகி விட்டுவிட்டேன். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இடங்களிலிருந்து ஜாதகம் கேட்டிருந்தார்கள்.

மார்கழி பிறப்பதற்கு முன் திட்டக்குடியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் மாமா எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கறியைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஆங், மறந்தே போயிட்டேன் பாப்பா. அந்தக் கடலூர் லேபுலேர்ந்து போன் வந்துது. பகல் டூட்டி இருக்குதாம், மறுநாளே வரச் சொன்னாங்க. நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்."

எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டேன். "பகல் டூட்டிதான மாமா? ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

"பகலா இருந்தா? தெனம் போக வர ஒனக்குத் தொணைக்கு ஆளு வேணாமா? இங்க அறுப்பு நேரம். நான் எங்கேர்ந்து வர்றது?" என்றார். சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

பக்கத்தில் அம்மா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த இலை, அந்தக் கறி, அந்தப் பந்தி எல்லாமே கசந்தது. பாதியில் எழுந்து கை கழுவப் போனேன்.

சிதம்பரம் திரும்பிய மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, வந்த முதல் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். லேப் அப்போதுதான் திறந்திருந்தது. மேடத்துக்கு என் முகம் நினைவிருந்தது.

"போன வாரமே ஆள் சேத்துட்டோமேம்மா" என்றார். "உங்க வீட்டுலதான் வேணாம்னு சொல்லிட்டாங்களே. நீயாவது இன்டர்வியூ அன்னிக்கே வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

சொன்னேன் மேடம் என்று சொல்ல வந்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அவருக்கு என்ன தோன்றியதோ, எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார். முகத்தில் நிஜமான கவலை.

"என்னம்மா, தனியாவா வந்த? தொணைக்கு யாரும் வரலையா?"

"யாரும் வரல மேடம்" என்றேன். "அதனாலதான் நேரத்தோட வந்துட்டேன்."