கல்லுக் கட்டிய வெள்ளரிக்காய்

எங்கள் பக்கத்து வீட்டு லெஸ் சனிக்கிழமை காலையில் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, என் புடலம் பந்தலைப் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்தலில் ஏழெட்டுப் பிஞ்சுகள் தொங்கின. ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் ஒரு கல் தொங்கியது. பாம்பை விரட்டவா என்று முதலில் கேட்டான். இல்லை என்றேன். அப்படியென்றால் உங்கள் சமயத்தில் ஏதாவது சடங்கா என்று குரலைத் தாழ்த்தினான். எங்களுடைய காரியம் எது விளங்காவிட்டாலும் அதைச் சமயத்தின் தலையில் போட்டுவிடுவது சிட்னிக்காரர் வழக்கம். புடலங்காய் விட்டால் சுருண்டு போகும், கல்லுக் கட்டினால் நேராக இறங்கும், வேறொன்றுமில்லை என்றேன். உண்மையாகவே நேராக வருமா என்று கேட்டான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் பதில் தெரிந்த கேள்வி. ஆனாலும் எனக்கு வாய் திறக்கப் பயமாக இருந்தது. சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் இதே போன்ற ஒரு கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லி, ஒரு நல்ல மனிதரின் வெள்ளிக் கிண்ணத்தைப் பறிகொடுக்கச் செய்தவள் நான்.

இந்த எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். ஒரு தேவாலயம், ஒரு தபாற்கந்தோர், நாளுக்கு நான்கு பஸ். என் கணவர் சிவகுருநாதன் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் டொக்டர். அவ்வளவு நீளப் பெயரை அந்த ஊர் தாங்காது என்று அவரை நாதன் ஆக்கிவிட்டார்கள். நான் மிஸிஸ் நாதன். வீடு தேடி ஐந்து கதவுகளைத் தட்டினோம். தொலைபேசியில் காலியாக இருந்த வீடுகள் எங்கள் முகத்தைக் கண்டதும் நிரம்பிவிட்டன. ஆறாவது கதவைத் திறந்தவர் மிஸ்டர் டொபின். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், மனைவியை இழந்தவர். ஒட்டியிருந்த இரண்டு சிறு வீடுகளில் ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விடுவார். எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மழை வரப்போகிறது உள்ளே வாருங்கள் என்றார். அந்த மழையின் புண்ணியத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது.

கணவர் காலை பஸ்ஸில் போனால் இருட்டின பிறகுதான் வருவார். நான் பகல் முழுவதும் அந்த ஊரோடு தனியே. ஊர் மரியாதையான ஊர். கடையில், வீதியில், தேவாலய வாசலில், எல்லோரும் சிரித்தபடி இன்று நல்ல வெயில் என்பார்கள். வெயில் எனக்கும்தானே எறிக்கிறது, அதை ஏன் எனக்குச் சொல்லுகிறார்கள்? எங்கள் ஊரில் ஒருவரைக் கண்டால், சாப்பிட்டாச்சோ, என்ன கறி, மகளுக்குச் சம்பந்தம் சரிவந்ததோ என்று ஒரு மூச்சில் கேட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தில் டொபினிடம் ஒருநாள், மத்தியானம் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். பொலிஸ்காரன் விசாரித்ததுபோல் மனுசன் விறைத்துப் போய், நாளைக்குக் காற்றடிக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எந்த நாடு, ஏன் வந்தேன், எனக்குப் பிள்ளை இருக்கிறதா என்று ஒரு வருடமாக அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதுதான் பண்பாம். அந்தப் பண்பில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

டொபினின் உயிர் முழுவதும் அவருடைய கண்ணாடிக் குடிலுக்குள் இருந்தது. அதற்குள்தான் வெள்ளரி வளர்த்தார். கோடை முடிவில் ஊரில் மரக்கறிக் கண்காட்சி நடக்கும். பெரிய கூடாரம் அடித்து, வெங்காயம், கரட், ஜாம் எல்லாவற்றையும் மணப்பெண் பார்ப்பதுபோல் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். வெள்ளரிக்காய் சோடியாக வைக்கவேண்டும், இரண்டும் கோடு போடும் அடிமட்டம்போல் நேராக இருக்கவேண்டும். ஒன்பது வருடமாக முதற்பரிசான வெள்ளிக் கிண்ணம் கர்னலுக்கு, இரண்டாம் பரிசு டொபினுக்கு. கர்னல் என்றால் ஊர்க் கோடியில் பெரிய வீட்டில் இருந்த பழைய பட்டாளத்துக்காரர். டொபினின் காய்கள் எல்லாம் நன்றாக இருக்கும், கடைசியில் கொஞ்சம் வளையும். தன் வரவேற்பறையில் கணப்பு நெருப்புக்கு மேலிருந்த மாடத்தில், மனைவியின் படத்துக்குப் பக்கத்தில், ஒரு கிண்ணம் வைக்கும் அளவுக்கு இடத்தை வெறுமையாக விட்டுத் தூசி தட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வருடம் கண்காட்சிக்குச் சற்று முன் அவருடைய தமக்கைக்குச் சுகமில்லாமல் போனது. குடிலின் பூட்டுத் திறப்பை என்னிடம் தந்து, காலையும் மாலையும் தண்ணீர் விடச் சொல்லிப் பத்து நாளைக்குப் போனார். முதல் நாள் உள்ளே போய்ப் பார்த்தால், பிஞ்சுகள் வளையத் தொடங்கியிருந்தன. பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என் கைக்குத் தெரியவில்லை. பாதையோரம் கிடந்த கூழாங்கற்களைப் பொறுக்கி, பழைய சேலைக் கரையைக் கிழித்து, எல்லாவற்றுக்கும் கட்டிவிட்டேன். ஆறு வீடுகளில் எங்களுக்குத் திறந்த ஒரே கதவு அவருடையது. வேறு எப்படி நன்றி சொல்வது? கணவரிடம் சொன்னபோது சோறு வாய்க்குப் போகவில்லை அவருக்கு.

“உமக்கென்ன விசரே? தண்ணி விடத்தானே மனுசன் சொன்னவர். வீட்டை விட்டு எழுப்பினால் எங்கை போறது?”

“இஞ்சாருங்கோ, நாலு நாளைக்குப் பிறகு வந்து பாத்திட்டுப் பேசுங்கோ” என்றேன்.

நாலாம் நாள் அவர் பார்த்தார், பேசவில்லை. காய்கள் தூக்குக் குண்டு விட்டதுபோல் இறங்கியிருந்தன. டொபின் வருவதற்கு முதல் நாள் எல்லாக் கல்லையும் அவிழ்த்துக் குடிலின் மூலையில் குவித்தேன். வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இந்த வருடம் ஆட்டெரு நல்ல எரு என்றார். நானும் ஓமென்று தலையாட்டினேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். வீட்டைப் பற்றிய பயம் வாயைக் கட்டிவிட்டது.

கண்காட்சியன்று டொபினுக்கு முதற்பரிசு. கிண்ணத்தைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் விட்டது மிஸிஸ் நாதன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கூடாரமே என்னைத் திரும்பிப் பார்த்தது. கர்னல் என் முன்னால் வந்து தொப்பியைத் தொட்டு, இவ்வளவு நேராக எப்படி வந்தது என்று கேட்டார். அவர் மரியாதைக்குக் கேட்டிருப்பார். ஆனால் ஒரு வருடத்தில் அந்த ஊர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது! எனக்குத் தலைகால் தெரியவில்லை. கல்லின் அளவு, கட்டும் இடம், சேலைக் கரை, யாழ்ப்பாணம், எங்கள் வீட்டுப் பந்தல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பக்கத்தில் நின்றவரையும் சேர்த்துக் கெடுத்தேன். நான் நிறுத்தியபோது டொபினின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. கல்லுக் கட்டக்கூடாதென்று விதி இல்லையே, கிண்ணம் உமக்குத்தான் என்று செயற்குழுவினர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அது நான் வளர்த்தது இல்லை என்று மட்டும் சொல்லி, கிண்ணத்தைக் கர்னலின் காய்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தார். நாங்கள் பத்தடி பின்னால் நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் கணவர் சூட்கேசை இறக்கினார். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன்.

அடுத்த நாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. கொட்டும் மழையில் டொபின் நின்றார். நல்ல காலநிலை என்றார். முகத்தால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஓம், மிக நல்ல காலநிலை என்றேன். அதற்குள் அந்தப் பாஷை எனக்குப் பிடிபட்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து மூன்று கற்களை எடுத்துக் கையில் விரித்துக் காட்டினார்.

“இதில் எந்த அளவு, மிஸிஸ் நாதன்?”

நடுவிலிருந்ததைத் தொட்டுக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார். சூட்கேசை நான்தான் திரும்ப மேலே ஏற்றினேன். அடுத்த வருடம் கண்காட்சி விதிகளில் ஒரு வரி கூடியிருந்தது: காய்களில் பாரம் கட்டலாகாது. அந்த ஊரில் நாங்கள் விட்டுவந்த அடையாளம் அந்த ஒரு வரிதான். டொபின் அதன்பிறகு போட்டிக்குப் போகவில்லை. தன் பாட்டுக்குக் கல்லுக் கட்டி, வாரம் ஒரு நேரான காயை எங்கள் வாசலில் வைப்பார். அவருடைய கணப்பு மாடத்தில், கிண்ணத்துக்கு விட்டிருந்த இடத்தில், நான் தொட்டுக் காட்டிய அந்தக் கல் இருந்தது.

கணவருக்குச் சிட்னியில் வேலை கிடைத்து நாங்கள் புறப்பட்ட அன்று அவர் அதை எடுத்து என் கையில் வைத்தார். காலநிலையைப் பற்றி ஏதோ சொல்லப் பார்த்தார், முடியவில்லை. சிட்னி விமான நிலையத்தில் என் கைப்பையைக் கிண்டிய உத்தியோகத்தன் அதைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டான். கல் என்றேன். அது எனக்கும் தெரிகிறது, எதற்கு என்றான். வெள்ளரிக்காய்க்கு என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மண் ஒட்டியிருக்கிறதா என்று கொண்டுபோய் பிரஷ் போட்டுக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தான். அந்தக் கல்லுக்கு அதற்குமுன் அப்படியொரு முழுக்கு நடந்திராது.

ஆகவே லெஸ் கேட்டபோது நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். கர்னலும் இல்லை, கிண்ணமும் இல்லை. ஓம், நேராக வரும் என்றேன். லெஸ் வேலிக்கு மேலால் கையை நீட்டி, எல்லாவற்றிலும் பெரிய காயில் தொங்கிய, டொபின் தந்த வழுவழுப்பான கல்லைத் தட்டிப் பார்த்தான்.

இங்கிலாந்தில் கேள்வி கேட்க ஆளில்லை. சிட்னியில் இந்தப் பரமட்டா பக்கம் வந்த நாளிலிருந்து கடையில், ரயிலில், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போதுகூட, நீ எந்த இடம் என்று கேட்காதவர் இல்லை. லெஸ் அந்தக் கேள்வியைக் கல்லைப் பார்த்துக் கேட்டான். இங்கிலாந்து என்றேன். ஓ, இதுவும் ஒரு பொம்மா என்று சிரித்தான். இங்கே ஆங்கிலேயரைக் கேலியாகப் பொம் என்றுதான் சொல்வார்கள். அப்போது காய் எந்த இடம் என்றான். மெல்பேர்னில் ஒரு தமிழ்க் குடும்பம் தபாலில் அனுப்பிய விதை அது. ஊரிலிருந்து அவர்களுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. யாழ்ப்பாணம் என்றேன்.

அடுத்தது என் முறை, நீ எந்த இடம் என்று என்னைத்தான் கேட்பான். கல்லுக்கும் காய்க்கும் ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன், எனக்கு எதைச் சொல்வது என்று அவசரமாக யோசித்துக்கொண்டு நின்றேன். லெஸ் வானத்தைப் பார்த்தான். இன்றைக்கு நல்ல வெயில், என்ன, என்று சொல்லிவிட்டு, நாய்க்குச் சாப்பாடு வைக்கப் போய்விட்டான்.