நான் கேரளம் ஆன நாள்

"ஏழு வயசுள்ள குட்டிகள்க்கு இதொக்கெ எந்து மனசிலாகான், டீச்சரே? அவருக்கு நிறமும் நாடும் ஒண்ணும் அறியில்லா" என்றார் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை, ஆண்டு விழா மேடையில் பிள்ளைகளை நிறம் பார்த்து நிறுத்தக் கூடாது என்று நான் போய்ச் சொன்னதற்கு. சின்னப் பிள்ளைகளுக்கு நிறம் என்றும் ஊர் என்றும் ஒன்றும் தெரியாது, தெரியாததை நாமே போய் ஏன் கிளற வேண்டும் என்பது அவர் கேள்வி. நல்ல மனுஷி. கேட்டுவிட்டு எனக்கும் ஒரு சாயா வரவழைத்தார். அதைக் குடிக்கும்போது காலையில் நடந்ததுதான் என் மனதில் ஓடியது.

அன்று காலைதான் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், எனிக்கு பின்னில் நின்னால் மதி. ஞான் கறுத்ததல்லே" என்றாள். தான் கறுப்பு, அதனால் பின்னால் நின்றால் போதுமாம். அழவில்லை. தாகமாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

ஏழு வயதில் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மாவும் அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்தவர்கள். மூவருக்கும் சுக்கு மூட்டை அடுக்கும் ஒரே கிட்டங்கியில் வேலை. அப்பா மூட்டை சுமந்தார். அம்மா சுக்கைத் தரம் பிரித்தாள். மாமா வாங்க வருகிற வியாபாரிகளுக்குச் சரக்கு எடுத்துக் காட்டினார். பள்ளி விட்டதும் நான் அந்தக் கிட்டங்கி முற்றத்தில் உட்கார்ந்து மலையாளப் பாடத்தை உரக்கப் படிப்பேன். அப்பா சக சுமைக்காரர்களைப் பார்த்து, "சத்தம் போடாதியடே, பிள்ள படிக்கி" என்பார். அவருக்கு மலையாள எழுத்தும் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. தமிழ் எழுத்தை நானே பின்னால், அரிசிப் பையிலும் காலண்டரிலும் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்கு இன்றுவரை கொஞ்சம் கர்வம் உண்டு.

சுக்கு இயல்பில் மண் நிறம்; கிட்டங்கியில் அதைக் கறுப்பு என்பார்கள். அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி, முற்றத்து வெயிலில் காயவைத்து, திரும்ப முக்கி, திரும்பக் காயவைத்தால் வெள்ளையாகிவிடும். காரம் கூடாது, குறையாது. ஆனாலும் வாங்க வருகிற சிலருக்கு வெள்ளையைத்தான் பிடிக்கும். கறுப்பு வெள்ளையாவதையும் வெள்ளை முன்வரிசைக்குப் போவதையும் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உலகத்தைப் பற்றி வேறென்ன தோன்றும்?

வகுப்பில் என் பெயர் பாண்டி. தமிழ்நாட்டுக்காரர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் பிறந்ததே மட்டாஞ்சேரியில்தான் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "ஆயிக்கோட்டே, பாண்டி" என்பார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று. இரண்டாம் வகுப்பின் நடுவில் சஸ்மிதா வந்து சேர்ந்தாள். அவளுடைய அப்பா பக்கத்து ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர். அம்மா விடிவதற்குள் இறால் உரிக்கப் போய்விடுவார். ஒடிஷாக்காரர்கள். எங்கள் வகுப்புக்கோ வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாருமே பெங்காளி. அவளையும் பெங்காளி ஆக்கினார்கள். அவள் என்னைவிடக் கறுப்பு. அவள் வந்த வாரத்திலிருந்து என்னைப் பாண்டி என்று கூப்பிடுவது பாதியாகக் குறைந்தது. எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. "பெங்காளி" என்று நானும் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பின் நிகழ்ச்சி 'நாம் எல்லாரும் ஒன்று'. ஆளுக்கொரு மாநிலத்தின் உடையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து இரண்டு வரி சொல்ல வேண்டும். கடைசியில் கேரளம் வந்து நடுவில் நிற்கும். கசவு என்கிற பொன்சரிகை போட்ட முண்டு, தலையில் முல்லைப் பூ, கையில் குஞ்சம் வைத்த பட்டுக்குடை. மற்ற எல்லா மாநிலமும் அதைச் சுற்றி நிற்கும்.

நான் கேரளம் ஆக வேண்டும். அந்த வயதில் அதைப்போல வேறெதையும் நான் விரும்பியதில்லை. அந்தக் குடைக்குக் கீழே ஒருமுறை நின்றுவிட்டால் அதற்கப்புறம் யாரும் என்னைப் பாண்டி என்று கூப்பிட முடியாது என்பது என் தீர்மானம்.

"கேரளத்தினு இத்திரி வெளுத்த குட்டி வேணம். ஸ்டேஜில் லைட் அடிக்கும்போள் முகம் காணண்டே?" என்றார் வகுப்பு டீச்சர். கொஞ்சம் வெளுத்த பிள்ளை வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் முகம் தெரிய வேண்டாமா என்று. மறுநாள் எல்லாரையும் நிற்கவைத்துப் பார்த்து எடுப்பதாகச் சொன்னார். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "பாண்டிக்கு தமிழ்நாடு மதி" என்றது. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கிட்டங்கிக்கு ஒரு வியாபாரி வந்திருந்தார். மாமா முறத்தில் வெள்ளைச் சுக்கைப் பரப்பினார். அப்புறம் உள்ளே போய், முக்காத கறுப்புச் சுக்கு ஒரு கைப்பிடி அள்ளிவந்து அதன் பக்கத்தில் கொட்டினார். வியாபாரி வெள்ளையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். அவர் போனதும் நான் கேட்டேன், "அந்தக் கறுப்பு எதுக்கு மாமா? அதை அவர் கேக்கவே இல்லையே."

மாமா கண்ணைச் சிமிட்டினார். "வெள்ளையோட வெள்ளைய வச்சா வெள்ளை தெரியாது மருமவளே. பக்கத்துல கறுப்பு வேணும்."

அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்.

மறுநாள் அம்மாவின் பவுடர் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். பையில் ஒரு பொட்டலம் கிரீம் பிஸ்கட். நேராகச் சஸ்மிதாவிடம் போய் அதை நீட்டினேன். அந்தப் பள்ளியில் அதுவரை அவளுக்கு யாரும் எதையும் நீட்டியதில்லை. அவள் பிஸ்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். "நீ எண்டெ அடுத்து நிக்கணும் கேட்டோ. இங்கோட்டு, சேர்ந்நு" என்றேன். அவள் என் பக்கத்தில் ஒட்டி நின்றாள். போதாது என்று அவள் கையைப் பிடித்து என் கையோடு சேர்த்து முன்னால் நீட்டிவைத்தேன். அவளோ என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிஸ்கட் வாசனை அடித்தது.

டீச்சர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொருத்தியையும் கேரளத்தின் இரண்டு வரியைச் சொல்லச் சொன்னார். சிலருக்குப் பாதியில் நின்றது, சிலருக்குச் சிரிப்பு வந்தது. நான் கிட்டங்கி முற்றத்தில் படிக்கிற குரலில் ஒரே மூச்சில் சொன்னேன். டீச்சர் சஸ்மிதாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"இவள் கொள்ளாம்" என்றார். நான் கேரளம் ஆனேன். அடுத்த மூச்சில் சஸ்மிதாவின் தலையைத் தொட்டு, "நீ தமிழ்நாடு" என்றார்.

என் பவுடரா, பக்கத்தில் நின்ற சஸ்மிதாவா, நான் தடுமாறாமல் சொன்ன அந்த இரண்டு வரியா, எது என்னைக் கேரளம் ஆக்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று எனக்குச் சந்தேகமே இல்லை. மாமாவின் வித்தை பலித்துவிட்டது.

கிட்டங்கிக்கு ஓடிப்போய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "மாமா! பக்கத்துல கறுப்பை வச்சேன் மாமா! என்னைய எடுத்துட்டாங்க!" மாமா விவரம் கேட்டார். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எம் மருமவளப் பாருங்கடே, வியாபாரம் படிச்சுட்டா" என்று சுமைக்காரர்களிடம் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சுக்குப் பொறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"யாருட்டி அந்தப் பிள்ள?" என்றாள்.

சொன்னேன். அவள் அம்மா இருட்டோடு வேலைக்குப் போய்விடுவதையும் சொன்னேன்.

"அப்ப அவளுக்கு யாரு தல சீவி விடுவா? நாளைக்கு அவளக் கூட்டிட்டு வா."

அதன்பிறகு இரண்டு நாள் அம்மா மாமாவின் முகத்தைப் பார்க்காமலே அவருக்குச் சோறு போட்டாள். மாமா, "ஏக்கா, கொழம்பு நல்லாருக்கு" என்று சொல்லிப் பார்த்தார். அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர்களுக்குள் என்ன சண்டை என்று எனக்குப் புரியவில்லை.

சஸ்மிதா வந்தாள். தினமும் வந்தாள். அம்மா தன் பழைய பட்டுச் சேலையை வெட்டி அவளுக்குப் பாவாடை தைத்தாள். எனக்கென்று எடுத்துவைத்திருந்த சேலை அது. கிட்டங்கி முற்றத்தில் அவளை முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துக்கொண்டே பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

"வணக்கம். சொல்லு."

"ஒணக்கம்."

"ஒணக்கம் இல்லட்டி, என் ராசாத்தி. வ… வணக்கம்."

எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா ஒருத்திக்குப் பாடம் நடத்தியது அந்த ஒரு தடவைதான். மாணவி நான் இல்லை. கேரளத்தின் வரிகளை நான் சொல்லிக் காட்டினால், "நல்லாச் சொல்லுத" என்பாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு எதுவும் தெரியவில்லை. கசவு முண்டு உடுத்திவிடவும் அவளுக்குத் தெரியாது. விழா அன்று பள்ளியில் டீச்சர்தான் எனக்கு ஊசி குத்தி உடுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் அந்தப் பக்கம் என் அம்மா சஸ்மிதாவுக்குப் பூ வைத்து, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுக்குடை ரொம்ப கனத்தது.

மேடையில் சஸ்மிதா கணீரென்று, "வணக்கம்! நான் தமிழ்நாடு!" என்றாள். அந்த ழகரம் எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி வராது. பின்வரிசையில் அப்பா விசில் அடித்தார். மாமா பெஞ்சு மேல் ஏறி நின்று கைதட்டினார். அவர்கள் அடங்குவதற்குள் கேரளம் வந்து, தன் இரண்டு வரியைச் சொல்லிவிட்டு நடுவில் நின்றுவிட்டது. தமிழ்நாட்டுப் பிள்ளை கேரளமாகவும், ஒடிஷாப் பிள்ளை தமிழ்நாடாகவும் நின்ற அந்த மேடையில் நாங்கள் எல்லாரும் ஒன்று என்று பாடினோம். எனக்கு அழுகை வந்தது. பொறாமையில்.

விழா முடிந்ததும் சஸ்மிதாவின் அப்பா வந்தார். ஹோட்டலில் சொல்லிவிட்டு நேரே வந்திருந்தார். விரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு, காலியான மேடையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, தனக்குத் தெரிந்த மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார்.

"மோளே, ஒடிஷா எப்போ வரும்?"

"ஒடிஷா இல்ல அங்கிளே. லிஸ்டில் இல்ல" என்றேன்.

"ஆ. சரி சரி" என்று அவர் சிரித்தார். மகளின் தலையிலிருந்து நழுவிய பூவைச் சரிசெய்ய முயன்று, மாவுக் கை என்று நினைவு வந்ததும் விட்டுவிட்டார். நான் ஐஸ்காரரைப் பார்த்துவிட்டேன். ஓடிவிட்டேன்.

நான் கேரளம் ஆன பிறகும் என்னைப் பாண்டி என்று கூப்பிட்டார்கள். பெங்காளியும் பெங்காளியாகவே இருந்தாள். ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நட்பு என்று எடுத்துக்கொண்டு, பத்தாம் வகுப்பு முடியும்வரை என் பக்கத்திலேயே அவள் உட்கார்ந்தாள். இன்று ஆலுவாவில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறாள். என் அம்மாவுக்கு ஊசி என்றால் அவள்தான் வர வேண்டும்.

போன வாரம் அவளுக்குப் போன் செய்து, என் வகுப்பும் அதே மாநில நிகழ்ச்சி நடத்துவதையும் அந்தச் சுக்குக் கதையையும் சொன்னேன். இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த கதை. அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள், மாமா சிரித்தது போலவே. "எடீ கள்ளீ" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "அதொக்கெ போட்டே" என்றாள், அதெல்லாம் போகட்டும் என்று. "ஈ வருஷம் லிஸ்டில் ஒடிஷா உண்டோ?"

என் சுக்கு வித்தைதான் அவளை வருத்தும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இத்தனை காலம் மனதில் வைத்திருந்தது வேறு. மாவுக் கையோடு நின்ற அந்த மனிதர் யாரைத் தேடினார் என்று ஏழு வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

"உண்டு" என்றேன்.

தலைமையாசிரியையின் சாயாவைக் குடித்து முடித்த கையோடு நான் வகுப்புக்குப் போய், சீட்டு எழுதி, என் சோற்றுப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கியிருந்தேன். எங்கள் வகுப்பில் எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் உண்டோ அந்த ஊர் எல்லாம் அதில் இருந்தது. ஒடிஷாவை எடுத்தது பப்படம் போடும் கொங்கணி வீட்டுப் பிள்ளை. பின்னால் நின்றால் போதும் என்றவளுக்குப் பஞ்சாப் விழுந்தது. தலைப்பாகை எங்கே கிடைக்கும் என்று தினமும் என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். பட்டியல் ஆசிரியர் அறைச் சுவரில், என் கையெழுத்தில், நான்கு மூலையும் பசை தடவி ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமை காலை சஸ்மிதா வருகிறாள், ஒடிஷாவுக்கு இரண்டு வரி சொல்லிக்கொடுக்க.