வினாயகமூர்த்தியின் பூனைக்காவல்

கிணற்றடியில் முகம் நிறையச் சவர்க்காரத்தோடு தக்ஷாயினி கண்ணை மூடிக்கொண்டு வாளியைத் துழாவுவாள். வாளி கவிழ்ந்து கிடக்கும். அவள் இறைத்து வைத்த தண்ணீர் வாழையடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நாலடி தள்ளி அவளுடைய அப்பா வினாயகமூர்த்தி முறைத்துக்கொண்டு நிற்பார்.

"வாளிய நிரப்பி வைக்காத எண்டு எத்தின தரம் சொல்லிற? பூனைக்குட்டி எட்டிப் பார்த்து விழுந்தா ஆரு தூக்கிற?"

"நான் இஞ்சதானே நிக்கன் அப்பா."

"கண்ண மூடிக்கிட்டு நிக்கிறவள் நிண்டென்ன, படுத்தென்ன."

வினாயகமூர்த்தி மட்டக்களப்பு வாவியில் வலை போடுகிறவர். அவருக்கு அது வாவியல்ல, ஆறு. அறுபதைத் தொடும் வயது. தோணியில் இருந்தபடியே அடுத்த தோணிக்காரனை அதட்டிப் பழகிய குரல், கரைக்கு வந்த பிறகும் இறங்குவதில்லை. விடியற்காலையில் வலை எடுப்பார், பகலில் வலையின் பொத்தல் முடிவார். மீதி நேரத்துக்கெல்லாம் இப்போது ஒரே வேலை, பூனையைக் காப்பது. அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. "சனியன்" என்றுதான் கூப்பிடுவார். அது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்.

பூனை வந்தது யுத்தம் முடிந்த அன்று. இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி மாதம். பெரிய தெருவில் வெற்றியென்று வெடி கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டு அழகரத்தினத்தின் மகள் அப்போது சண்டை நடந்த வன்னியில் இருந்தாள். இருக்கிறாளா என்பதே தெரியாது. வினாயகமூர்த்தி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். துவக்கோடு நின்ற ஆமிக்காரனையும் அவர் பொருட்படுத்தவில்லை.

"பெத்த பிள்ளையிட சேதி வருமெண்டு ஒரு மனிசன் ரேடியோவக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுக் குந்தியிருக்கான். உங்களுக்கு வெடி கேக்குதாடா, வெடி!"

தக்ஷாயினிதான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். வீட்டுக்குள் றங்குப்பெட்டிக்கு அடியில் இரண்டு கண்கள் மின்னின. சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த வரிக்குட்டி, ஒரு பிடிகூட இல்லை. வினாயகமூர்த்தி நிலத்தில் படுத்து அதைப் பார்த்தார். பிறகு, மகள் ஒருநாளும் கேட்டிராத சிறிய குரலில் ஏசினார்: "வெளிய வராத. அறிவு கெட்டதுகள் நிக்குது."

அன்றிலிருந்து வீடு அவருக்கு வேறு மாதிரித் தெரிந்தது. சுனாமிக்குப் பிறகு கடலைவிட்டுத் தள்ளி, யாரோ வெளிநாட்டார் கொடுத்த காசில், யாரோ கட்டிக் கையளித்த வீடு. மலசலகூடக் குழியின் மூடி வெடித்திருந்தது. சுவரில் வயர் தோலுரிந்து தொங்கியது. வாவிக்காற்று வந்தால் கதவு ஆளை வெட்டுவதுபோல் அறையும். மூன்று வருடமாக இதெல்லாம் அப்படியேதான் இருந்தது. மனிதர்கள் மட்டும் இருந்தபோது அவர் கண்டுகொள்ளவில்லை.

"இது வீடில்ல, பொறி," என்றார். "உன்னப்போலப் படிச்சதுகள்தானே அளந்து கட்டினது?"

தக்ஷாயினி பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அளவுநாடா எப்போதும் இடுப்பில் கொளுவியிருக்கும். அந்த நாடாவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "ஆத்த அளக்கேலுமா உன்ர நாடாவால? போ." அவருடைய அளவெல்லாம் விரற்கடை, சாண், முழம்.

அந்த அளவுகளிலேயே அவர் வேலை செய்தார். குழிக்குப் பலகை அடித்துக் கல் ஏற்றினார். கதவுக்குக் கயிற்றுக் கொக்கி போட்டார். கொசுவுக்கு எரிக்கும் நுளம்புச்சுருளைப் பால்மா ரின்னுக்குள் அடைத்து, ரின்னில் ஆணியால் துளை போட்டார். மீன்பிடிக்கிற தங்கூசி நூலைப் போத்தலில் சுற்றி அடைத்தார்; பூனை விழுங்கினால் குடலை அறுக்கும். தூண்டில் முள்ளெல்லாம் ஒரு தேங்காய்ப் பொச்சுமட்டையில் குத்திக் கூரை வளையில் தொங்கின. தன் வீடு முடிந்ததும் ஒழுங்கையில் இறங்கினார். வீடு வீடாக எலிமருந்தைக் கேட்டு வாங்கிக் குழிதோண்டிப் புதைத்தார். கொடுக்காதவர்களோடு சண்டை. எதிர்வீட்டு சுலோஜனா அவர் தலையைக் கண்டதும் உள்ளே குரல் கொடுப்பாள்: "புள்ள, வினாயகண்ணன் வாறாரு! எலிமருந்த ஒளி!"

ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். "பூனைதானே அண்ணன். விதியிருந்தாக் கிடக்கும், இல்லாட்டிப் போகும்."

ஒழுங்கையே வெளியே வந்து பார்த்தது.

"விதியாம் விதி! மூடி போடாத குழிக்கு விதியெண்டா பேரு? தோலுரிஞ்ச வயருக்கு விதியெண்டா பேரு? இனி என்ர முகத்துக்கு முன்னால அந்தச் சொல்ல ஆரும் சொல்லப்படாது!"

சுலோஜனாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. அவர் மனைவி அன்னப்பூரணியை அவளுக்கும் தெரியும். சுனாமி அன்று காலை கடல் பின்வாங்கிப் போனது. வெறும் மணலில் மீன் துடித்தது. பொறுக்க வாருங்கள் என்று சனம் கூவியது. அன்னப்பூரணி ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு சிரித்தபடி ஓடினாள். அவர் மறுபக்கம், ஆற்றில் நின்றார். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவருடைய கையைப் பிடித்து அந்த ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்.

"கடல் வத்தினா ஓடவேணுமெண்டு தெரிஞ்சவன் எங்கயோ ஒருத்தன் இருந்திருப்பான்," என்பார் அவர். "சொல்லல்ல. தெரிஞ்சும் சொல்லல்ல. அதுக்குப் பேரு விதியில்ல." சுனாமி அன்று தக்ஷாயினி கொழும்பில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்காக அப்பாவின் முன்னால் அவள் அழுததில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் அவளும் எழும்பிப் போய்விடுவாள்.

புரட்டாதியில் ஒரு காலை, "சனியன்" என்று கூப்பிட்டும் பூனை வரவில்லை. படிக்கட்டின் கீழ் கிடந்தது. வாயிலிருந்து நீர் வடிந்தது. எழும்பப் பார்த்தது, பின்னங்கால் இரண்டும் துணிபோல் இழுபட்டன.

வினாயகமூர்த்தி ஒழுங்கைக்குப் பாய்ந்தார். "ஆருடா வைச்ச? எந்த நாய் வைச்ச மருந்து இது?" சுலோஜனாவின் வேலிப் படலையை உதைத்தார்; அது பிடுங்கிக்கொண்டு விழுந்தது. "ஒளிச்சி வைச்சாய்தானே, எடு வெளிய!" அவள் சாமிமேல் சத்தியம் செய்து அழுதாள். அவர் அழகரத்தினத்தையும் விடவில்லை. மகளைத் தேடி முகாம் முகாமாக அலைந்துவிட்டு வந்த மனிதன், அந்த ஏச்சை வாசலில் நின்று வாங்கிக்கொண்டான்.

தக்ஷாயினி கத்தவில்லை. நிலத்தைப் பார்த்தாள். மணலில் கால் இழுபட்ட தடம் இருந்தது. அதைப் பின்தொடர்ந்து வளவின் மூலையிலிருந்த தென்னங்கன்று வரைக்கும் போனாள். கன்றடியில் மண் பறிக்கப்பட்டிருந்தது. பாதி தின்ற மீன் ஒன்று. முட்தோல், ஊதிய வயிறு.

"அப்பா," என்றாள். "இஞ்ச வாங்க."

பேத்தை மீன். வலையைக் கடித்து நாசமாக்கும் மீன். ஆற்றில் திருப்பி விட்டால் மறுபடியும் வலைக்கு வரும், கரையில் எறிந்தால் நாய் தின்று சாகும். ஆகவே ஆற்றுக்காரர்கள் அதைக் கொண்டுவந்து தென்னைக்குப் பசளையாக மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். அவரும் முந்தின நாள் தாழ்த்தார், நாலு விரற்கடை ஆழத்தில். பூனை மலங்கழிக்கத் தெருப்பக்கம் போகக்கூடாதென்று அதே கன்றடியில் மண்ணைக் கொத்திப் பதமாக்கி வைத்தவரும் அவர்தான்.

படலைக்கு வெளியிலிருந்து ஏசிக்கொண்டே வந்த வினாயகமூர்த்தியின் குரல், மீனைக் கண்டதும் நின்றுபோனது.

பெட்டியில் துவாய் விரித்து, மோட்டார்சைக்கிளில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். வழியில் சென்ரியில் மறித்த ஆமிக்காரன் துவாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தானே மூடிவிட்டான். வைத்தியர் ஊசியால் தண்ணீர் ஏற்றினார். "பேத்தை நஞ்சுக்கு மாற்று மருந்தில்ல. மூச்சு நிக்காமக் கிடந்தா நாளைக்கு எழும்பும். என்ன பேரு இதுக்கு?"

வினாயகமூர்த்தி வாயைத் திறந்தார். சனியன் என்ற சொல் வரவில்லை.

அன்று முழுக்கப் பூனையின் விலாவில் உள்ளங்கையை வைத்தபடி நிலத்தில் இருந்தார். யாரையும் ஏசவில்லை. கவிழ்ப்பார் என்று எதிர்பார்த்துத் தக்ஷாயினி வாளியை நிரப்பிவைத்தாள். அது நிறைந்தபடியே இருந்தது. அவளுக்குப் பயம் பிடித்தது.

மறுநாள் பூனை தலையைத் தூக்கியது. எழும்பி விழுந்தது. மறுபடியும் எழும்பி நின்றது.

செய்தி கேட்டுச் சுலோஜனா வந்தாள். முந்தினநாள் அழுத கண் இன்னும் வீங்கியிருந்தது. கையில் ஒரு சிரட்டை பால். "உசிர் தப்பியிட்டுதே அண்ணன். நீங்க மனசப் போட்டு அடிக்காதீங்க. தெரியாம நடந்தது. விதி…" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தக்ஷாயினி அப்பாவைப் பார்த்தாள். வெடிக்கப்போகிறார் என்று நினைத்தாள்.

"பேத்தை நஞ்செண்டு எனக்குத் தெரியும் சுலோ," என்றார் அவர். "உன்ர படலைய நான் கட்டித்தாறன்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கன்றடியில் பழையதும் புதியதுமாகத் தாழ்த்த பேத்தையையெல்லாம் கிண்டி எடுத்தார். அதுகளைத் தாழ்க்க வேலியோரம் புதிதாகக் குழி வெட்டத் தொடங்கினார். முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது. ஈரமண் வந்தபிறகும் நிறுத்தவில்லை. "கிணறா வெட்டுறீங்க அண்ணன்?" என்று வேலிக்கு மேலால் அழகரத்தினம் கேட்டான்.

கடைசியில் மண்வெட்டியைக் கரையில் வைத்தார். மூச்சு வாங்கியது. குழிக்குள் நின்றபடியே, மேலே நின்ற மகளின் இடுப்பைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் அளவுநாடாவைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். அதன் நுனியைக் குழியின் அடியில் காலால் மிதித்துக்கொண்டு, வினாயகமூர்த்தி நாடாவை மேலே இழுத்தார்.