கிரேக்கத் தீவில் சனி விரதம்

என் கணவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். அந்தச் சனிக்கிழமை காலையும் மறக்காமல் ஊசி போட்டுக்கொண்டார். ஆனால் சாப்பிடவில்லை. சனி விரதமாம். எங்கள் ஊர் நெடுங்காட்டில் இருந்தால் திருநள்ளாறு பக்கம், சரி. கிரேக்கத் தீவுக்குமா சனீஸ்வரன் வந்து கணக்கெடுக்கப் போகிறார் என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மகள் ஆசையாக அனுப்பி வைத்த பயணம், சண்டையில் போக வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

கடற்கரையிலிருந்து உள்ளே மலையூர்களுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, மூன்றாவது ஊரில் இறங்கினோம். பைசாந்தியர் காலத்துத் தேவாலயம் ஊரைத் தாண்டி ஒலிவத் தோப்புக்குள் இருந்தது. சாவி வைத்திருந்த அம்மாள், என் வயதுதான் இருக்கும், கூடவே வந்து திறந்துவிட்டார். உள்ளே எங்கள் வீட்டுக் கூடம் அளவுக்குத்தான் இடம். சுவர், கூரை எங்கும் புகை படிந்த புனிதர்கள், பெரிய பெரிய கண்களோடு. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த பஸ்ஸு எப்ப நெடுங்காடு போவும்?" என்றார் இவர் பின்னாலிருந்து.

திரும்பினேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. நான் பிடிப்பதற்குள் சுவரோடு சரிந்து விழுந்துவிட்டார்.

பையைக் கவிழ்த்தேன். தண்ணீர், குடை, மூக்குக்கண்ணாடி. தின்ன ஒன்றுமில்லை. போனில் சிக்னல் இல்லை. "சுகர், சுகர்" என்று அந்த அம்மாளிடம் கத்தினேன். விழித்தார். வீட்டில் சொல்கிற மாதிரி "ஜீனி" என்றேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். இந்த மனுஷனை இந்தக் கல் தரையில் பறிகொடுக்கப் போகிறேன் என்றே நினைத்தேன்.

"ஐயோ, சக்கரைங்க, சக்கரை" என்று அழுதேன்.

"ஸாகரி?" என்றார் அவர்.

அவர்கள் மொழியிலும் ஏறக்குறைய அதே சொல்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது அவர் ஓடியதுதான் தெரியும். கனத்த உடம்பு, ஏற்றமான பாதை. இவர் தலையை மடியில் வைத்துக் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தேன். அடித்தேன் என்றும் சொல்லலாம். பயம் பாதி, கோபம் பாதி.

மூச்சு வாங்கக் கிண்ணத்தோடு வந்தார். ஈறில் சர்க்கரையைத் தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத் தொண்டை அசைந்தது. கண் திறந்தது. கூரையிலிருந்த புனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"நீயுமா செத்துட்ட?" என்றார்.

"நான் சாவல. நீங்களும் சாவல. வாயத் தொறங்க."