ராகுகாலம் தாண்டிய விமானம்

“தங்கள் பயண நேரத்தில் மாற்றம், ஏற்றுக்கொண்டு உறுதிசெய்யவும்.” ஆனி மாதத்து முதல் புதன்கிழமை பிற்பகல் என் மைத்துனன் போனுக்கு வந்த மின்னஞ்சலின் தலைப்பு இது. நாட்குறிப்பில் அப்படியே எடுத்தெழுதியிருக்கிறேன். கீழே, “மைத்துனன் ஏற்றுக்கொண்டான்” என்று இருக்கிறது. இரண்டையும் எழுதியது வெள்ளிக்கிழமை. அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மான்செஸ்டரில் இருக்கும் எங்கள் மகளுக்கு ஒரு திங்கட்கிழமை காலை அறுவை செய்து குழந்தையை எடுப்பதாக முடிவாகியிருந்தது. என் மனைவி அதற்குள் போய்ச் சேர வேண்டும். முந்தைய நாள் ஞாயிறு மாலை சென்னையில் ஏறி, ஒரு வளைகுடா நகரில் மாறிப் போவதாக டிக்கெட். குமணன்சாவடியில் இருக்கும் என் மைத்துனன்தான் தன் போனில் போட்டுக் கொடுத்தான். ஞாயிறு மாலை ஐந்து மணி ராகுகாலம் என்று என் மனைவிக்கு அன்றிலிருந்தே உறுத்தல். நேரம் ஆறரைக்கு மேல் தள்ளிப் போனதை அவன் தன் அக்காவுக்குத்தான் முதலில் சொன்னான். எனக்குச் சொல்லவில்லை.

“இன்னா மாமா, ராகுகாலம் தாண்டித்தான் இப்ப வண்டியே எடுக்குறான். அக்காவே ஓகே குடுன்னுச்சு, குடுத்துட்டேன்” என்றான்.

முதல் விமானம்தான் தள்ளிப் போயிருந்தது. இரண்டாவது பழைய நேரத்திலேயே நின்றது. வளைகுடாவில் இறங்கி மாறுவதற்கு அரை மணி நேரம்கூட இல்லை. அதை விட்டால் அடுத்தது மறுநாள்; மான்செஸ்டரில் இறங்கும்போது திங்கள் இரவாகிவிடும்.

டிக்கெட்டை விற்றது ஒரு கம்பெனி. இரண்டாவது விமானத்தை ஓட்டுவது அதன் கூட்டாளியான இன்னொரு கம்பெனி. விற்றவர்கள், அந்த விமானம் தங்களுடையது இல்லை, ஓட்டுபவர்களிடம் கேளுங்கள் என்றார்கள். ஓட்டுபவர்கள், டிக்கெட் தங்களுடையது இல்லை, விற்றவர்கள்தான் தொட முடியும் என்றார்கள். இரு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை.

“டிக்கெட்ட கிழிக்கிறவன் ஒருத்தன், ஸ்டியரிங்க புடிக்கிறவன் ஒருத்தன். நடுவுல நாமதான் ஃபுட்போர்டுல தொங்குறோம்” என்றான் மைத்துனன்.

ஒவ்வொரு முறை பேசும்போதும் ரகசிய எண் அவன் போனுக்குத்தான் வரும். அதனால் அம்பத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலை ஹாரன் சத்தத்தில் பேச்சு கேட்காது, மூடினால் புழுக்கம். காத்திருக்கச் சொல்லி ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அந்த நேரம் பார்த்து எடுத்துவிடுவார்களோ என்று போனைக் காதிலிருந்து இறக்க மாட்டேன். வெளியே வண்டிகள் எல்லாம் எங்கோ போய்க்கொண்டே இருந்தன. ஆவடித் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில்கூட ஒரு நாற்காலி என்னை இப்படிப் பிடித்து வைத்ததில்லை.

விற்ற கம்பெனியில் பேசிய பெண்கள் எல்லோரும் கடைசியில் வந்து நின்றது ஒரே வாக்கியத்தில்தான்: மாற்றத்தை நீங்களே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். அந்த வாக்கியம் வந்ததும் அறையில் ஒரு கதவு சாத்திக்கொண்டது போலிருக்கும். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, சண்டை போடத் தெம்பில்லாமல் ஒன்று கேட்டேன்.

“அம்மா, இதே ரெண்டு விமானத்தையும் சேர்த்து, புது ஆளுக்கு இன்னைக்கு ஒரு டிக்கெட் போட்டுப் பாருங்க.”

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

“சிஸ்டம் எடுக்கல சார். மாறுறதுக்கு டைம் பத்தாதுன்னு சொல்லுது.”

“நீங்களே விற்க முடியாததை நாங்க எப்படிம்மா ஏத்துக்கிட்டிருக்க முடியும்?”

அவர் மேலாளரிடம் பேசிவிட்டு வந்து, சனிக்கிழமை காலை விமானத்துக்குக் கட்டணமில்லாமல் மாற்றிக் கொடுத்தார். புறப்பாடு ஒன்பதரைக்கு மேல். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். மைத்துனன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இதை எப்படிச் சொல்வதென்று பஸ் முழுக்க யோசித்தபடியே வீடு வந்தேன்.

என் மனைவி பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். கோபப்படவில்லை. “வியாழக்கிழமை நல்ல நேரத்துல பெட்டிய தம்பி வீட்டுல கொண்டுபோய் வெச்சிடுங்க. அப்பவே பொறப்பட்டாச்சுன்னு கணக்கு. அதுக்கப்புறம் ராகு எங்க உக்காந்தா நமக்கென்ன?”

இப்படிப் பெட்டியை முன்னதாகவே வெளியே அனுப்பிப் பரஸ்தானம் வைப்பது பழைய வழக்கம்தான். பயணத்தின் ஒரு பகுதி தொடங்கிவிட்டால் மீதியும் செல்லும் என்று இரண்டு கம்பெனிகளும் ஒப்புக்கொள்ளாததை, பஞ்சாங்கம் ஒரு பெட்டியை வைத்து ஒப்புக்கொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் குமணன்சாவடி போனேன்.

வளைகுடாவில் ஓர் இரவு காத்திருந்து மாறி, அவள் ஞாயிறன்றே போய்ச் சேர்ந்தாள். மறுநாள் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

திரும்பி வரும் பயணமும் அதே டிக்கெட்டில்தான் இருக்கிறது. விற்றவர்கள் பக்கத்தில் ‘உறுதி’ என்று காட்டுகிறது. ஓட்டுபவர்கள் பக்கத்தில் பெயர் மட்டும் இருக்கிறது, டிக்கெட் எண் இருக்க வேண்டிய இடம் காலி. இரண்டு பேரிடமும் கேட்டாயிற்று. மற்றவரைக் கேட்கச் சொல்கிறார்கள். அவசரம் ஒன்றுமில்லை என்கிறாள் அவள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. அந்த டிக்கெட் செல்லுமா என்பது இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.